மழையும் மோட்டார்ப் பந்தயமும்: நிறுத்தும் அதிகாரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டானது சமூகத்துக்குப் புறம்பான பொழுதுபோக்கு எனக் கொள்ளப்படுவதால், அதன் வரலாறு பெரும்பாலும் வெற்றியாளர் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மோட்டார்ப் பந்தயம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். யார் வென்றார், எந்தக் கார் வென்றது, எவ்வளவு நேரம் எடுத்தது என்பன துல்லியமாகப் பதிவாகியுள்ளன. பந்தயம் எந்நிலைமைகளில் நடத்தப்பட்டது, அதனை நடத்தலாமெனத் தீர்மானித்தவர் யார், அத்தீர்மானத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினாக்களோ அருகியே எழுப்பப்பட்டுள்ளன.

இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வோருக்கு மழை நல்லதோர் உரைகல்லாக அமைகின்றது. உலர்ந்த வீதியில் மறைந்து கிடக்கும் உறவுகள் நனைந்த வீதியில் வெளிப்பட்டு விடுகின்றன. மழை எல்லாப் பந்தயங்கள்மீதும் ஒரே விதமாகவே பொழிகின்றது. ஆயின் ஒருவகைப் பந்தயம் அதனால் நின்றுவிடுகின்றது. இன்னொருவகை அம்மழையையே தன் உள்ளடக்கமாகக் கொள்கின்றது. வேறொருவகை ஆபத்துடன் தொடர்கின்றது. இவ்வேறுபாட்டை இயந்திரவியல் ஓரளவுக்கே விளக்கவல்லது. எஞ்சியவற்றை விளக்குவன, ஒவ்வொரு பந்தய வகையும் தோன்றி வளர்ந்த பொருளாதார, சமூகச் சூழலும், பந்தயத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுமாகும். இக்கருத்தைச் சில குறிப்பான நிகழ்ச்சிகளைக் கொண்டு நிறுவ முயல்வோம்.

1. நீரும் இறப்பரும்

முதலிற் பௌதிக அடிப்படையைச் சுருக்கமாக நோக்குவோம். ரயர் வீதியைப் பற்றிக்கொள்வது இரு வழிகளிலாகும். உலர்ந்த தரையில் இறப்பரின் மேற்பரப்பு வீதியோடு ஒட்டுகின்றது. அத்துடன், வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்கேற்ப இறப்பர் நெளிந்து மீளும்போது ஒரு பகுதிச் சக்தி வெப்பமாக இழக்கப்படுகின்றது. இவ்விழப்பும் ஒருவகைப் பற்றாகச் செயற்படுகின்றது. வீதி நனைந்ததும் முதலாவது பற்றுப் பெருமளவு அற்றுப்போக, இரண்டாவதே எஞ்சுகின்றது. கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் தாபோர் முதலியோர் 1950களில் நடத்திய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. மரத்திலிருந்து பெறப்படும் இயற்கை இறப்பர் விரைந்து மீளும் தன்மையது. ஆகவே அதன் சக்தியிழப்புக் குறைவு. ஈரத்தில் அதன் பற்றும் குறைவு. பெற்றோலியத்தை மூலப்பொருளாகக் கொண்ட செயற்கை இறப்பர்க் கலவைகள் சில இவ்விடயத்தில் மேம்பட்டவை. ஈரவீதியிற் பற்றை நாடிய ரயர் உற்பத்தியாளர் அக்கலவைகளின்பாற் சென்றமை, இறப்பர்த் தோட்டங்களை நம்பி வாழ்ந்த எம்போன்ற நாட்டினர்க்கு முற்றிலும் அயலான செய்தியன்று.

வேகம் கூடும்போது மற்றொரு நிலைமை தோன்றுகின்றது. ரயர் தன் முன்னேயுள்ள நீரை விலக்க நேரம் போதாதபோது, நீர்ப்படலம் ஆப்புப்போல் அதனடியிற் புகுந்து அதனை வீதியிலிருந்து தூக்கிவிடுகின்றது. சுக்கானும் பிறேக்கும் அவ்வேளையிற் பயனற்றுப் போகின்றன. ஈரமான ஓடுபாதையில் இறங்கும் விமானங்களின் பொருட்டு நாசா நிறுவனம் 1960களில் இதனை விரிவாக ஆராய்ந்து, மிதப்புத் தொடங்கும் வேகம் ரயரின் காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்தோடு தொடர்புடையதெனக் காட்டிற்று. நீர் வெளியேறுவதற்கான பள்ள வரிகளை ரயரில் வெட்டுவதே இதற்குரிய பரிகாரமாகும். போர்முலா வண் பந்தயங்களுக்கு ரயர் வழங்கும் பிரெல்லி நிறுவனத்தின் கணக்குப்படி, மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் அதன் மழை ரயர் ஒவ்வொன்றும் செக்கனுக்கு 85 லீற்றர் வரையான நீரை விலக்கவல்லது.

விலக்கப்பட்ட நீர் எங்கே செல்கின்றது என்பது அடுத்த வினா. அது புகாராய் எழுந்து, பின்னால் வருபவரின் கண்ணை மறைக்கின்றது. ஆகவே மழை எழுப்பும் பிரச்சினைகள் இரண்டு: ஒன்று பற்று, மற்றது பார்வை. தொழில்நுட்பம் முதலாவதைத் தீர்க்கத் தீர்க்க, இரண்டாவது கடுமையாகியே வந்துள்ளது. காரின் அடிப்புறத்தாற் காற்றை உறிஞ்சித் தரையோடு அழுந்தச் செய்யும் அமைப்புக்கள் நீரையும் உறிஞ்சி மேலே வீசுகின்றன.

உலர்வீதிக்கான முன்னேற்றம் ஈரவீதியில் பின்னடைவாவதும் உண்டு. 1960களின் இறுதிவரை வரி வெட்டிய ரயர்களே உலர்வுக்கும் ஈரத்துக்கும் பெரும்பாலும் பயன்பட்டன. 1971இல் 'சிலிக்' எனப்படும் வரியற்ற ரயர் போர்முலா வண் பந்தயத்துக்கு வந்தது. வேகம் அதிகரித்தது, சிறுதூறலும் பேராபத்தாயிற்று. 1975 யூலை 19இல் சில்வர்ஸ்ரோனில் நடந்த பிரித்தானிய கிராண்ட் பிறீயின் இறுதிக் கட்டத்திற் பெருமழை கொட்டியபோது, வரியற்ற ரயர்களோடு ஓடிய கார்கள் ஒரே வளைவில் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிச் சென்று வேலியிற் குவிந்தன. 67 சுற்றுக்களுக்கென வகுக்கப்பட்ட பந்தயம் 56ஆவது சுற்றோடு முடிக்கப்பட்டது.

2. நுழைவுச்சீட்டும் நீள்வட்டமும்

மழை பெய்தால் நின்றுவிடும் பந்தயங்களுள் தலையாயது ஐக்கிய அமெரிக்காவின் நீள்வட்டப் பந்தயம். இண்டியனாபோலிஸ் ஓடுதளம் 1909இல் திறக்கப்பட்டது. 500 மைல் பந்தயம் 1911இல் தொடங்கிற்று. இத்தகைய தளத்திற் கார் இடையறாத உச்சவேகத்தில், ஒரே திசையில் வளைந்துகொண்டேயிருக்கும். வெளிப்புறத்தில் கொங்கிறீற்றுச் சுவர் உண்டு. வழுக்கியவர் ஒதுங்க இடமில்லை. எனவே ஈரத்தில் ஓடாதிருப்பதற்குப் பௌதிகக் காரணம் வலுவாகவே உள்ளது. வேகவிரைவுப் போட்டியில் இது இன்னும் கடுமை. ஏறத்தாழ 400 மீற்றர் நேர்ப்பாதையில் இரு கார்கள் மோதும் அப்பந்தயம் தூறல் விழுந்தாலே நிறுத்தப்படும்.

எனினும் இதிற் பொருளாதாரக் காரணியும் கலந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. நீள்வட்டம் ஒரு தனியார் சொத்து, மதிலாற் சூழப்பட்டது, வாயிலிற் சீட்டு விற்கப்படுவது. இன்று நடத்த முடியாததை நாளை நடத்தலாம். ஐரோப்பாவிலோ பந்தயம் பொதுவீதியிலே பிறந்தது. அரசின் அனுமதியோடு குறித்த நாளுக்கு மட்டும் மூடப்பட்ட வீதியைப் பிறிதொரு நாளுக்கு மூடுவது எளிதன்று. ஒன்று 'தள்ளிவை' என்ற மரபையும், மற்றது 'ஓடு' என்ற மரபையும் வளர்த்தமைக்கு நிலத்தின் உடைமைமுறையும் ஒரு காரணமெனலாம்.

சீட்டு வணிகம் தனக்கேயுரிய விதிகளையும் வகுத்துக்கொண்டது. இண்டியனாபோலிஸில் 200 சுற்றுக்களிற் பாதியைக் கடந்துவிட்டாற் பந்தயம் முழுமையானதாகக் கொள்ளப்படும். 1976இல் 102 சுற்றுக்கள், அதாவது 255 மைல் மட்டுமே ஓடிய நிலையில் மழை வந்தது. 500 மைல் பந்தயத்தின் வெற்றியாளராக ஜொனி றதபோட் அறிவிக்கப்பட்டார். 1973இல் மே 28ஆம் திகதி தொடங்கிய பந்தயம், பெருவிபத்தாலும் மழையாலும் தடைப்பட்டு, 30ஆம் திகதி 133ஆவது சுற்றில் மழையாலேயே முடிவுற்றது.

அமெரிக்காவின் மற்றொரு பெரும் பந்தயத் தொடரான நாஸ்காரின் வரலாறு, 'மழையில் ஓடவே முடியாது' என்பது இயற்கை விதியன்று என்பதைப் புலப்படுத்துகின்றது. 1956 ஒகஸ்டில் விஸ்கொன்சின் மாநிலத்தின் றோட் அமெரிக்கா வீதி வட்டத்தில் அதே கார்கள் மழையிலே ஓடின. ரிம் புளொக் வென்றார். பின்னர் நீள்வட்டங்களே தொடரின் உயிராகியதும் அம்மரபு மறைந்தது. வீதியை உலர்த்தும் தொழில்நுட்பத்திலேயே பணம் முதலிடப்பட்டது. விமானத்தின் தாரை எஞ்சினை லொறியிற் பூட்டி, அதன் வெப்பக் காற்றால் நீரை விரட்டும் முறை வழக்கிற்கு வந்தது. 2012 பெப்ரவரியில் டேற்றோனா 500 பந்தயம் அதன் வரலாற்றில் முதன்முறையாக மழையால் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அன்று கட்டுப்பாடிழந்த கார் ஒன்று உலர்த்தும் வாகனத்திலேயே மோதித் தீப்பற்றியது.

ஒளிபரப்பு வருமானம் சீட்டு வருமானத்தை விஞ்சியபோது மறுநாட் பந்தயம் நட்டமாகத் தோன்றலாயிற்று. 2008இல் மொன்றியல் வீதி வட்டத்தில் நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடர் மழை ரயர்களோடு ஓடிற்று. 2024 மார்ச்சில் றிச்மண்ட் நீள்வட்டத்திலும், அதே ஆண்டு யூனில் நியூ ஹாம்ஷயர் நீள்வட்டத்திலும் ஈரலிப்பான தளத்தில் அத்தகைய ரயர்களோடு புள்ளிக்குரிய பந்தயங்கள் ஓடப்பட்டன. பெருமழையில் அவை இன்றும் ஓடுவதில்லை. ஆயினும் 'முடியாது' என்பதன் எல்லை நகர்ந்துள்ளது. அதனை நகர்த்திய விசைகளுள் இறப்பரும் ஒன்று. ஒளிபரப்பின் நேர அட்டவணையும் ஒன்று.

3. சேற்றின் பந்தயம்

இதற்கு நேர்மாறான வகை 'றலி' எனப்படும் நெடுவழிப் பந்தயமாகும். இதிற் கார்கள் ஒன்றையொன்று ஒட்டி ஓடுவதில்லை. இடைவெளி விட்டுத் தனித்தனியே அனுப்பப்படுகின்றன. முன்னே செல்பவர் எழுப்பும் புகார் பின்னே வருபவரை மறைப்பது அரிது. ஆகவே மழை இங்கு பார்வையைக் காட்டிலும் பாதையையே தாக்குகின்றது. கிழக்காபிரிக்க சபாரி றலியில் மழையே பந்தயத்தின் உள்ளடக்கமாயிற்று.

1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவைக் கொண்டாடுமுகமாக இப்பந்தயம் தொடங்கப்பட்டது. கென்யா, உகண்டா, தங்கனிக்கா ஆகிய பிரித்தானிய ஆட்சிப் பிரதேசங்களின் ஊடாக அது சென்றது. அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபரிலேதான் கென்யாவில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது. நிலத்துக்காகக் கிளர்ந்த மௌ மௌ இயக்கத்தினரைப் படைகொண்டு ஒடுக்கிக் கொண்டிருந்த அதே காலத்தில், குடியேறிய வெள்ளையர் அந்நாட்டிலே தமது முடியரசு விழாவை மோட்டார் ஓட்டிக் கொண்டாடினர். இப்பந்தயத்தின் பிறப்பை இப்பின்னணியிலிருந்து பிரித்து நோக்குதல் தகாது.

பின்னர் இது ஈஸ்டர் விடுமுறைக் காலத்துக்கு மாற்றப்பட்டது. கிழக்காபிரிக்காவின் நீண்ட மழைக்காலம் மார்ச் தொடங்கி மே வரை நீடிப்பது. விளைவை எண்கள் காட்டுகின்றன. 1963இற் புறப்பட்ட 84 கார்களுள் முடிவிடம் சேர்ந்தவை 7. 1968இற் புறப்பட்டவை 93. சேர்ந்தவை மீண்டும் 7. இவ்விரு முறையும் பெஜோ 404 காரில் நிக் நொவிக்கி, பாடி கிளிவ் இணையினரே வென்றனர். ஆறு பெருகிப் பாலங்களை மூடியது. கரிய களிமண் சில்லுகளிற் பசையாய் ஒட்டிக்கொண்டது. உலர்காலத்தில் வீதியாயிருந்தது மழையில் வயலாயிற்று.

இந்நிலையில் ஐரோப்பியத் தொழிற்சாலைகளின் பணமும் புகழ்பெற்ற சாரதிகளும் நெடுங்காலம் பயன்தரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் முதன்முதலாக வென்றது 1972இலேயே. பின்லாந்தின் ஹன்னு மிக்கோலா போர்ட் காரில் வென்றார். அதுவரை மண்ணை அறிந்தவர்களே வென்றனர். கென்யாவிற் பிறந்து, பஞ்சாபிலிருந்து குடிபெயர்ந்த தந்தையின் மோட்டார்த் திருத்தகத்திலே தொழில் பழகிய ஜோகிந்தர் சிங், 1965, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் வெற்றிபெற்றமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. எந்தச் சேறு தாங்கும், எது விழுங்கும் என்னும் அறிவு தொழிற்சாலை ஆய்வுகூடத்திலிருந்து வரவில்லை. அந்நாட்டிலே தொழில் செய்து வாழ்ந்த வாழ்விலிருந்து வந்தது.

மற்றொன்றையும் இங்கு கூறவேண்டும். சேற்றிற் புதைந்த கார்களை இழுத்தும் தள்ளியும் கரையேற்றியவர்கள் வழிநெடுகிலும் வாழ்ந்த கிராமத்து மக்கள். வெற்றியாளர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களின் உழைப்பின்றிப் பல கார்கள் முடிவிடத்தை எட்டியிரா.

2002இன் பின் உலக றலித் தொடரிலிருந்து விலக்கப்பட்ட சபாரி, 2021இலே மிகச் சுருங்கிய வடிவில் மீண்டும் அதிற் சேர்க்கப்பட்டது. நாடுகளைக் கடந்து நாட்கணக்கில் ஓடிய பழைய பந்தயம் இன்றைய ஒளிபரப்பு ஒழுங்குக்குள் அடங்காதது.

4. 'மழை வேந்தர்' என்னும் தொன்மம்

இனி, ஆபத்துடன் தொடரும் பந்தயமாகிய வீதி வட்டப் பந்தயத்துக்கு வருவோம். மழையின் பெயரால் வீரவழிபாடு வளர்ந்ததும், மழையின் பெயரால் மறுப்பு எழுந்ததும் இங்குதான்.

1926 யூலை 11இல் பேர்லின் அருகேயுள்ள ஆவுஸ் ஓடுதளத்தில் முதலாவது ஜேர்மன் கிராண்ட் பிறீ நடைபெற்றது. இடையிற் பெருமழை கொட்டியது. மேர்சிடிஸ் காரோட்டிய இளைஞர் றுடோல்ப் கரச்சியோலா வென்றார். 'மழை வேந்தர்' என்னும் பட்டம் அவர்க்கு நிலைத்தது. அதே பந்தயத்தில் மற்றொரு மேர்சிடிஸை ஓட்டிய அடோல்ப் றோசன்பேர்கரின் கார் வழுக்கிச் சென்று நேரக்கணிப்பாளரின் குடிலை மோதியது, மூவர் மாண்டனர். கரச்சியோலாவின் பட்டத்தை அறிந்தோர் பலர். குடிலில் இருந்தோரை நினைப்போர் இலர். றோசன்பேர்கரின் பிற்கால வரலாறும் கருதத்தக்கது. 1931இல் போர்ஷே நிறுவனத்தின் இணை நிறுவனராக விளங்கிய இவர் யூதராதலால் 1935இல் நாஜி ஆட்சியினராற் கைதுசெய்யப்பட்டார். அதே ஆட்சி பந்தயக் கார்களுக்குப் பணம் வழங்கி, வெற்றிகளைத் தன் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

1968 யூலை 7இல் பிரான்சின் றுவான் நகரில் நடந்த கிராண்ட் பிறீ இவ்விரட்டைத் தன்மையை மேலும் தெளிவாகக் காட்டுகின்றது. மழை வருமென நம்பி மழை ரயர்களோடு புறப்பட்ட 23 வயதினரான ஜாக்கி இக்ஸ் தம் முதல் வெற்றியை ஈட்டினார். மழையில் வல்லவர் என்ற புகழ் அவரைத் தொடர்ந்தது. அதே மழையில், தொடக்கச் சுற்றுக்களிலேயே ஜோ ஷ்லெஸர் எரிந்து மாண்டார். அவர் ஓட்டியது ஹொண்டா நிறுவனத்தின் புதிய கார், மக்னீசியக் கலப்புலோகத்தாலானது, தீப்பற்றினால் அணைப்பதற்கரியது. அந்நிறுவனத்தின் முதன்மைச் சாரதி ஜோன் சேட்டீஸ், அக்கார் பந்தயத்துக்கு ஆயத்தமாகவில்லை எனக் கூறி அதனை ஓட்ட மறுத்திருந்தார். ஆயினும் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளையின் சார்பில் அது களமிறக்கப்பட்டது. மறுக்கக்கூடிய நிலையிலிருந்த உலக சம்பியன் மறுத்தார்; வாய்ப்புக்காகக் காத்திருந்தவர் ஏற்றார். மழையில் நேர்ந்த இம்மரணத்தை வெறும் 'விபத்து' என்று கூறி அமைதல் வரலாறாகாது.

5. மறுப்பின் வரலாறு

1966 யூன் 12இல் பெல்ஜியத்தின் ஸ்பா வட்டத்திற் பந்தயம் தொடங்கியது. 14 கிலோமீற்றர் நீளமான அவ்வட்டத்தின் ஒரு புறம் உலர்ந்திருக்க, மறுபுறத்திற் கடும் மழை. முதற் சுற்றிலேயே ஏறத்தாழப் பாதிக் கார்கள் வீதியை விட்டகன்றன. ஜாக்கி ஸ்ருவேட்டின் கார் பண்ணைக் கட்டடமொன்றின் அருகே நொறுங்கி வீழ்ந்தது. பெற்றோல் அவர்மேல் ஒழுக, காருக்குள் சிக்குண்டு கிடந்தார். உதவிக்கு எவருமில்லை. சக சாரதிகளான கிரஹம் ஹில்லும் பொப் பொண்டுறான்றும், பார்வையாளர் ஒருவரிடம் இரவல் பெற்ற ஸ்பனரால் சுக்கானைக் கழற்றி அவரை மீட்டனர்.

அன்றுமுதல் ஸ்ருவேட் பாதுகாப்பு இயக்கத்தின் முன்னணியாளரானார். கிராண்ட் பிறீ சாரதிகள் சங்கம் தொழிற்சங்கம் போன்று இயங்கலாயிற்று. 1969இல் பாதுகாப்பு ஏற்பாடுகள் நிறைவேறாமையால் ஸ்பா பந்தயம் கைவிடப்பட்டது. 1970இல் நூர்பேர்க்றிங் மறுக்கப்பட்டு ஜேர்மன் கிராண்ட் பிறீ ஹொக்கன்ஹைமுக்கு மாற்றப்பட்டது. கோழைத்தனம் என்ற பழிச்சொல் அவர்மேல் வீசப்பட்டது. இவ்விடத்தில் ஒன்றை நினைவுகூர்தல் தகும். 1968 ஒகஸ்ட் 4இல் நூர்பேர்க்றிங்கில், மழையும் மூடுபனியும் கவிந்த நிலையில், காயமுற்ற மணிக்கட்டோடு ஓடி நான்கு நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் வென்றவரும் இதே ஸ்ருவேட்தான். மழையில் எவரினும் வல்லவரே மழையில் ஓடுமாறு வற்புறுத்தும் முறையை எதிர்த்தார் என்பது, 'துணிவில்லாதவர் மறுப்பர்' என்ற வாதத்தைத் தகர்த்துவிடுகின்றது.

மோட்டார்ச் சைக்கிள் உலகிலும் இதனையொத்த திருப்பம் நிகழ்ந்தது. இரு சில்லுகளில் சாய்ந்து ஓடுபவருக்கு ஈரவீதி காரோட்டியிலும் கொடிது. மான் தீவின் ரி.ரி. பந்தயம் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளமான பொதுவீதியில், மதில்களுக்கும் மலைச்சரிவுகளுக்குமிடையே நடைபெறுவது. 1972 யூன் 9இல் 125 சி.சி. பந்தயத்தின்போது, மழையும் மூடுபனியும் கவிந்த மலைப்பகுதியில் இத்தாலியரான கில்பேர்ற்றோ பார்லொற்றி உயிரிழந்தார். அவரது நண்பரும் அக்காலத்துப் பெருஞ் சம்பியனுமான கியாகொமோ அகொஸ்ரினி அன்று மற்றொரு பந்தயத்தில் ஓடி வென்றபின், அத்தீவிற் பந்தயம் ஓடுவதை நிரந்தரமாகக் கைவிட்டார். வேறு பல முன்னணி ஓட்டுநரும் அவ்வழிச் சென்றனர். 1976இன் பின் ரி.ரி. உலக சம்பியன் தகுதியை இழந்தது. பிரித்தானிய கிராண்ட் பிறீ 1977இல் சில்வர்ஸ்ரோனுக்குச் சென்றது.

இம்மாற்றத்தின் பொருளை நுணுகி நோக்கவேண்டும். ரி.ரி. பந்தயம் நின்றுவிடவில்லை. இன்றும் நடைபெறுகின்றது, இன்றும் உயிர்களைக் கொள்கின்றது. ஆனால் உலக சம்பியன் புள்ளிகளுக்காக அங்கு சென்றேயாகவேண்டும் என்ற கட்டாயம் நீங்கிற்று. செல்பவர் தம் விருப்பாற் செல்கின்றனர். ஓட்டுநர்கள் வென்றது ஆபத்தற்ற பந்தயத்தையன்று, மறுக்கும் உரிமையையே.

இவ்வுரிமையின் உச்ச வெளிப்பாடாக 1976 ஒக்டோபர் 24இல் யப்பானின் பியூஜியில் நிகழ்ந்ததைக் கொள்ளலாம். அவ்வாண்டு ஒகஸ்ட் 1இல் நூர்பேர்க்றிங்கில் தீயிற் சிக்கி மரணவாயில் வரை சென்ற நிக்கி லௌடா, ஆறே வாரங்களிற் களம் திரும்பி, இறுதிப் பந்தயத்துக்கு முன்னணியாளராக வந்திருந்தார். பெருமழை. சாரதிகளுட் பலர் ஓட விரும்பவில்லை. நீண்ட தாமதத்தின் பின், இருள் நெருங்குவதையும் ஐரோப்பாவுக்கான ஒளிபரப்பையும் கருதிப் பந்தயம் தொடக்கப்பட்டது. இரண்டு சுற்றுக்களின் பின் லௌடா காரை நிறுத்தி இறங்கினார். எமேர்சன் பிற்றிபால்டி, கார்லொஸ் பாச்சே ஆகியோரும் அவ்வாறே விலகினர். இயந்திரக் கோளாறெனக் கூறிவிடலாம் என்ற ஆலோசனையை லௌடா ஏற்கவில்லை; காரணம் மழையே என வெளிப்படையாகக் கூறினார். ஜேம்ஸ் ஹண்ட் மூன்றாவதாக வந்து, 69க்கு 68 என்ற கணக்கிற் சம்பியனானார். பொய்க்காரணம் ஒன்றின் பின் ஒளிந்துகொள்ள மறுத்தமையே லௌடாவின் செயலைத் தனிமனித முடிவு என்ற நிலையிலிருந்து உயர்த்தி, பின்வந்தோர்க்கு முன்னுதாரணமாக்கியது.

6. ஒளிபரப்பும் அரைப்புள்ளியும்

காலப்போக்கில் நிறுத்தும் அதிகாரம் விதிகளுக்குள் வந்தது. பந்தயத்தை நிறுத்தச் செங்கொடியும், குறைவாக ஓடிய பந்தயத்துக்கு அரைப்புள்ளியும் வழங்கப்பட்டன. ஆயினும் விதி நடுநிலையானது என்ற எண்ணம் விரைவிலே சோதிக்கப்பட்டது. 1984 யூன் 3இல் மொனாக்கோவில் 77 சுற்றுக்களுள் 31 முடிந்த நிலையிற் பந்தயம் நிறுத்தப்பட்டது. முன்னணியில் அலன் புறொஸ்ற். அவரை நெருங்கிக்கொண்டிருந்தவர் புதியவரான அயற்றன் சென்னா. கொடியைக் காட்டிய அதிகாரி, முன்னர் நாம் கண்ட ஜாக்கி இக்ஸ். நடுவர்களைக் கலந்தாலோசியாமைக்காக அவர் பின்னர் தண்டிக்கப்பட்டார். புறொஸ்றுக்குக் கிடைத்தது 9இற் பாதியான 4.5 புள்ளி. ஆண்டிறுதியில் அவர் லௌடாவிடம் சம்பியன் பட்டத்தை இழந்தது 72க்கு 71.5 என, அரைப்புள்ளியால். பந்தயம் முழுமையாக ஓடி அவர் இரண்டாவதாகவே வந்திருப்பினும் 6 புள்ளி பெற்றுச் சம்பியனாகியிருப்பார். நிறுத்தும் முடிவு யார் கையிலிருப்பினும் அது விளைவற்ற முடிவன்று.

பார்வைப் பிரச்சினையும் இக்காலத்தில் முன்னுக்கு வந்தது. 1982 சனவரியில் தென்னாபிரிக்காவிற் சாரதிகள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய டிடியே பிறோனி, அதே ஆண்டு ஒகஸ்டில் ஹொக்கன்ஹைமில், மழையிற் பயிற்சி ஓட்டத்தின்போது நீர்ப்புகாருக்குள் மறைந்திருந்த புறொஸ்றின் காரைப் பின்புறமாக மோதினார். இரு கால்களும் முறிந்தன. அவரது போர்முலா வண் வாழ்வு முடிந்தது. மழையோட்டத்தில் புறொஸ்ற் பிற்காலத்திற் காட்டிய தயக்கத்தை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். 1989இல் அடிலெயிட்டில் அவர் முதற் சுற்றின் பின் தாமே விலகினார்.

மோட்டார்ச் சைக்கிள் கிராண்ட் பிறீயில் முன்னர் மழை வந்தாற் பந்தயம் நிறுத்தப்பட்டு, பகுதி நேரங்கள் கூட்டப்பட்டன. 2005இல் விதி மாறிற்று: இடையில் மழை வரின், ஓட்டுநர் மழை ரயர் பூட்டிய மற்றொரு வண்டிக்கு மாறித் தொடரலாம். 2006இல் அவுஸ்திரேலியாவில் இது முதன்முறை செயற்பட்டது. பந்தயம் தடையின்றி ஒளிபரப்பாகும் வசதி பெற்றது. இரட்டிப்பு வண்டிகளின் செலவும் அவசரத்தின் ஆபத்தும் அணிகளையும் ஓட்டுநரையும் சேர்ந்தன.

2014 ஒக்டோபர் 5இல் யப்பானின் சுசுக்காவில், சூறாவளி நெருங்கிக் கொண்டிருந்த பிற்பகலில், மழையும் மங்கலும் சூழ்ந்த வேளையில் ஜூல்ஸ் பியாங்கியின் கார் வழுக்கி, மற்றொரு காரை அகற்றிக்கொண்டிருந்த பாரந்தூக்கி வாகனத்தை மோதியது. 2015 யூலையில் அவர் இறந்தார். விசாரணைக் குழு, அவர் போதியளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்றது. அதே குழு, சூரிய அஸ்தமனத்துக்கு நான்கு மணித்தியாலங்களுக்கு முன்னரேனும் பந்தயம் தொடங்கவேண்டுமெனவும் பரிந்துரைத்தது. பொறுப்பு ஒருவர்மீது சுமத்தப்பட்டது. திருத்தமோ அமைப்புக்கே தேவைப்பட்டது. இம்முரண் தொழில் விபத்து விசாரணைகளை அறிந்தோர்க்குப் புதியதன்று.

2021 ஒகஸ்ட் 29இல் ஸ்பாவிலே மூன்று மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட தாமதத்தின் பின், பாதுகாப்புக் காரின் பின்னே சில சுற்றுக்கள் மட்டும் ஓடப்பட்டன. எவரும் எவரையும் முந்த அனுமதியில்லை. எனினும் முடிவு அறிவிக்கப்பட்டு அரைப்புள்ளிகள் வழங்கப்பட்டன. ஓடாதிருந்தமை சரியே. ஓடாததை ஓடியதாகக் கணக்கிட்டமையே, மழையில் நாள் முழுதும் நின்ற பார்வையாளரைச் சினங்கொள்ள வைத்தது. கண்டனங்களின் பின், பாதுகாப்புக் காரின்றி இரு சுற்றுக்களேனும் ஓடாவிடிற் புள்ளியில்லை என 2022இல் விதி திருத்தப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். மழை பந்தயத்தைப் பாதிக்கும் விதம் ரயரையும் வேகத்தையும் மட்டும் பொறுத்ததன்று. நீள்வட்டத்தின் தனியுடைமையும், பொதுவீதியின் அனுமதி முறையும், குடியேற்ற ஆட்சியின் விழாவும், ஒளிபரப்பின் அட்டவணையும் அதனை வடிவமைத்துள்ளன. தொழில்நுட்ப முன்னேற்றம் தானாகப் பாதுகாப்பைக் கொணர்ந்ததில்லை. அது வேகத்தையே முதலிற் கொணர்ந்தது. பாதுகாப்பு, ஓடியவர்கள் ஒன்றுகூடி மறுத்தபோதே வந்தது.

இவ்வரலாறு முற்றுப்பெற்றதன்று. உலகப்புகழ் பெற்ற சாரதியின் மறுப்புக்கு இன்று மதிப்புண்டு. மேலேற விழையும் இளைஞருக்கு அவ்வாறு மறுக்கும் வலு இல்லை. 2023 யூலை 1இல் அதே ஸ்பாவில், இளையோர் தொடர் ஒன்றிலே, கடும் மழையின் நீர்ப்புகாருக்குள் 18 வயதினரான டிலானோ வான்ட் ஹொவ் உயிரிழந்தார். வீதியோரத்திற் கொடி பிடித்து நிற்போரும், நொறுங்கிய கார்களை அகற்றுவோரும், 1926இற் குடிலிலிருந்து நேரம் கணித்தோரைப் போலவே, பந்தயம் நடக்கலாமா என்ற முடிவில் அரிதாகவே குரல் பெறுகின்றனர். மழையில் நிற்பவர் அனைவருக்கும் நிறுத்துமாறு கூறும் உரிமை கிட்டும்வரை, 'மழையிலும் ஓடினர்' என்ற புகழுரையைப் படிக்கும்போதெல்லாம், ஓடச் சொன்னவர் யார் எனக் கேட்பது வரலாற்று மாணவரின் கடமையாகும்.